செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் போர் எங்கே இருக்கிறது? மியூசியமும் கிளைவ் வீடும் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: "செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கு ஒருமுறை போனோம். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். வாள், துப்பாக்கி, பெரிய பெரிய படங்கள், அவ்வளவுதான். இங்கே சண்டை நடந்தது என்கிறார்கள், அடையாளமே தெரியவில்லை. அடுத்த மாதம் அப்பா அம்மாவையும் பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறோம். கிளைவ் வீட்டையும் பார்க்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?"

அடையாளம் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தேடினால் ஆயுதம் மட்டும்தான் கிடைக்கும். மியூசியம் இருக்கிற கட்டடம் கட்டி முடிந்ததே 1795-ல். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தது 1746-ல். மறுபடி வந்து முற்றுகையிட்டது 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை. இரண்டு போரையும் அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. பார்த்தவை சற்றுத் தள்ளி நிற்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்சும் கிளைவ் வீடும்தான். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் மதில், பிறகு சர்ச், அதன் பிறகு கிளைவ் வீடு, மியூசியம் கடைசியில். வெளியே பார்த்ததன் மிச்சம்தான் உள்ளே இருக்கிறது என்பது அப்போதுதான் புலப்படும்.

முதலில் நாள் குறிப்பது. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. கிளைவ் வீடு மியூசியம் போல நடப்பதில்லை. அது மத்தியத் தொல்லியல் துறையின் அலுவலகம். கீழ்த்தளத்தில் ஒரு பகுதியில்தான் கிளைவ் பற்றிய சிறு காட்சி இருக்கிறது. அலுவலகம் இயங்காத சனி, ஞாயிறில் போனால் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். சர்ச்சில் ஞாயிறு காலை ஆராதனை உண்டு, அப்போது சுற்றிப் பார்க்கப் போவது முறையல்ல. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்குத் தோதான நாள் திங்கள் முதல் வியாழனுக்குள். பையனுக்குப் பள்ளி என்றால் அரையாண்டு விடுமுறையில் ஒரு வார நாளைப் பிடியுங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கிற நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கோட்டைக்குள்தான் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. கூட்டம் நடக்கும்போது சோதனை கடுமையாகும், ராஜாஜி சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, சில வழிகளை அடைத்தும் விடுவார்கள்.

ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம் எதுவானாலும் போதும். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அதனால் பெரிய பை வேண்டாம். கோட்டையின் ஒரு பகுதி ராணுவத்தின் கையில் இருக்கிறது. செயலகக் கட்டடங்களையும் ராணுவப் பகுதியையும் படம் எடுக்கக் கூடாது. மியூசியத்துக்குள் எடுக்கலாமா என்பதை டிக்கெட் கொடுக்குமிடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரைபாட், வீடியோவுக்குத் தனி அனுமதி தேவைப்படும். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு, பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது.

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் வந்தால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோ என்றால் உயர் நீதிமன்றம் நிலையம். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரம்தான், ஆனால் பெற்றோருக்கு வெயிலில் அந்த நடை வேண்டாம், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் நடை அதிகம். அவர்களுடைய தெம்பைக் கோட்டைக்குள் செலவழிக்க மிச்சம் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இனி மதில். மதிலின் உயரத்தைவிட அதன் கனத்தைப் பாருங்கள். வெளியே செங்கல், அதற்குப் பின்னால் மண். பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் சிதறும், அந்தச் சில்லே ஆளைக் கொல்லும். மண்ணில் பட்டால் புதைந்துபோகும். அதனால்தான் பீரங்கிக் காலத்துக் கோட்டைகள் செஞ்சி, வேலூர் போல ஓங்கி நிற்காமல் தாழ்ந்து, தடித்து, அகன்று இருக்கின்றன. மூலைகளில் கொத்தளங்கள் கூர்மையாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு கொத்தளத்திலிருந்து பார்த்தால் அடுத்த கொத்தளம் வரை மதிலடி முழுவதும் தெரியும். எதிரி மதிலை ஒட்டி வந்து ஒளிந்துகொள்ள ஓரிடமும் கிடையாது. இன்று நீங்கள் பார்க்கிற இந்த வடிவம் 1640-ல் கட்டிய கோட்டையினுடையது அல்ல. இரண்டு போரிலும் பட்ட அடிக்குப் பிறகு 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் விரித்துக் கட்டியது. அகழியும் அப்படித்தான்.

கிழக்கே திரும்பினால் இன்று ராஜாஜி சாலையும் துறைமுகமும். 1746-ல் அங்கே கடல் இருந்தது, அலை மதிலுக்கு மிக அருகில் அடித்தது. 1870-களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து கரை விலகிப் போனது. பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, "கப்பலிலிருந்து சுட்டால் குண்டு எங்கே விழும்?" என்று கேளுங்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே அப்படித்தான் வந்தார், கப்பலும் தரைப்படையுமாக. சில நாட்களில் கோட்டை பணிந்தது. ஆனால் அடுத்த மாதமே வடகிழக்குப் பருவப் புயல் அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. சோழமண்டலக் கரையில் அக்டோபருக்கு மேல் பாய்மரக் கப்பலை நிறுத்திவைப்பது தற்கொலை. துறைமுகம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டாவது முற்றுகை ஏன் டிசம்பரில் நடந்தது என்பதும் விளங்கும். பருவமழைக்கு ஒதுங்கி ஆங்கிலேயக் கடற்படை பம்பாய்க்குப் போயிருந்தது. அந்த இடைவெளியில் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பர் 14-ஆம் தேதி படையோடு ஊருக்குள் நுழைந்தார். கோட்டைக்குள் கவர்னர் ஜார்ஜ் பிகட்டும் படைத்தலைவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸும் பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தார்கள். பிப்ரவரி 16-ஆம் தேதி ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டன. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டார். தளபதிகளின் வீரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். காற்று திரும்பிய தேதிக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்து செயின்ட் மேரீஸ் சர்ச். 1680 அக்டோபரில் திறந்தது. சுவர் ஏறக்குறைய நாலடிக் கனம், கூரை இரண்டடிக் கனம். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். மர உத்திரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு வளைத்த கூடு. குண்டு விழுந்தாலும் தீப்பிடிக்கக் கூடாது, உடையக் கூடாது என்றே பீரங்கிப் படையைச் சேர்ந்தவர் ஒருவர் வரைந்த திட்டம் இது. சண்டைக் காலத்தில் இதைச் சர்ச்சாக மட்டும் வைத்திருக்கவில்லை. படைவீரர் தங்கவும் தானியம் சேமிக்கவும் பயன்படுத்தினார்கள். கிளைவ் 1753 பிப்ரவரி 18-ஆம் தேதி மார்கரெட் மாஸ்கெலினை மணந்ததும் இங்கேதான். பலிபீடத்துக்கு மேலே இருக்கிற கடைசி இராவுணவு ஓவியம் 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளாக வந்தது என்று சொல்லப்படுகிறது.

இங்கே பெரும்பாலோர் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போவது வெளிமுற்றத்துத் தரையை. அது முழுவதும் கல்லறைக் கற்கள். ஆங்கிலம், லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று பல மொழி. 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் இந்தியாவில் இருக்கும் ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்று கருதப்படுகிறது. சர்ச்சே 1680-ல் வந்தது, கல் 1652-ஐச் சேர்ந்தது என்றால் எப்படி? இந்தக் கற்களுக்குக் கீழே யாரும் புதைக்கப்படவில்லை. பழைய கல்லறைத் தோட்டம் மதிலுக்கு வெளியே, இன்று சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கிற பக்கம் இருந்தது. உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் லாலியின் ஆட்கள் மறைந்துகொண்டு கோட்டையை நோக்கிச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் அந்தக் கல்லறைகளை இடித்துவிட்டு, எழுத்துள்ள கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். அதோடும் விடவில்லை. ஹைதர் அலி மிரட்டிய 1780-களில் இதே கற்களைப் பெயர்த்துக் கொத்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பீரங்கிக்கு அடித்தளமாகப் போட்டார்கள். பிறகு திருப்பிக் கொண்டுவந்தார்கள். சில கற்களில் மூலை உடைந்தும் எழுத்து சிதைந்தும் இருப்பதைப் பாருங்கள். எல்லாமே வயதால் வந்த தேய்மானம் அல்ல. இந்தக் கோட்டையில் போரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் இந்த முற்றத்துக்கு இணையான இடம் வேறு இல்லை. இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும், உச்சிப்பொழுதில் தட்டையாகிவிடும். கல்லில் தண்ணீர் ஊற்றியோ சாக்பீஸ் தேய்த்தோ படிக்க முயல வேண்டாம், இரண்டுமே கல்லைக் கெடுக்கும்.

சர்ச்சிலிருந்து கிளைவ் வீடு சில நிமிட நடை. பழைய பெயர் அட்மிரால்டி ஹவுஸ். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள். கட்டிலும் மேசையும் எழுதுகோலும் அப்படியே வைத்த வீடு அல்ல இது. கிளைவ் இங்கே இருந்த காலமும் மிகக் குறைவு: 1753 பிப்ரவரியில் திருமணம், மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அந்தச் சில வாரங்களுக்காக அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டின் உண்மையான கதை அதற்கு முன்னால் இருக்கிறது. இது ஆர்மீனிய வணிகர் குடும்பத்தின் சொத்தாக இருந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போன வீடு. 1749-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் திரும்பிக் கிடைத்தபோது, அவர்கள் ஆட்சியில் இங்கேயே தங்கி வணிகம் செய்த ஆர்மீனியரையும் கத்தோலிக்கரையும் ஆங்கிலேயர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். கோட்டைக்குள் அவர்கள் வீடு வைத்திருப்பதற்கே தடை வந்தது. கொடி மாறும்போது நடுவில் மாட்டிக்கொண்ட வணிகர்களின் நிலை என்ன என்பதற்கு இந்த வீடு சாட்சி. உயர்ந்த தூண்கள், தடித்த சுவர், சுண்ணாம்பு பூசி வழவழப்பாக்கிய பரப்பு, இவற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும், இருபது நிமிடம்.

கிளைவின் போரை இந்த வீட்டோடு இணைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 1744-ல் பதினெட்டு வயதில் இங்கே வந்தபோது அவர் எழுத்தர், கணக்கெழுதுகிற வேலை. 1746-ல் ஊர் விழுந்தபோது மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் அருகே இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனார். அங்கேதான் படையில் சேர்ந்தார். அதே மாதங்களில் எதிர்ப்பக்கத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அன்றாடம் நடந்ததைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டிருந்தார். சென்னை வீழ்ந்த செய்தியைத் தமிழ்க் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. போவதற்கு முன் 1746 செப்டம்பர் பக்கங்களை மட்டுமாவது புரட்டிவிட்டுப் போங்கள்.

தலைமைச் செயலகத்தின் முகப்பில் பளபளக்கும் கருங்கல் தூண்களை, படம் எடுக்காமல், போகிற வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். 1732 வாக்கில் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கடல் வாசலிலிருந்து உள்ளே வரும் நடைபாதைக்காக நிறுத்தியவை. 1746-ல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கல்லறைக் கல், தூண், ஓவியம் எல்லாமே இங்கே ஓரிடத்தில் நின்றதில்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும் "இது முதலில் எங்கே இருந்தது, யார் நகர்த்தினார்கள்?" என்று கேட்கப் பையனைப் பழக்குங்கள். இந்தக் கோட்டைக்கு அந்தக் கேள்வி ஒன்றே சாவி.

இப்போது மியூசியம். நுழைந்ததும் நிமிர்ந்து பார்க்க வைப்பது கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலை. தாமஸ் பேங்க்ஸ் இங்கிலாந்தில் செதுக்கிக் கப்பலில் வந்தது. சிலையை விட்டுவிட்டுப் பீடத்தைக் குனிந்து பாருங்கள். 1792-ல் மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தான் தம் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. பெரியவனுக்கே எட்டிலிருந்து பத்து வயதுக்குள்தான். 1794 வரை அந்தச் சிறுவர்களைச் சென்னையில் வைத்திருந்தார்கள். உங்கள் பையனின் வயதுக்கு வாளைவிட இது உறைக்கும்.

ஆயுத அறையில் எல்லாத் துப்பாக்கியும் ஒரே மாதிரி தெரிவது இயல்பு. வேறுபாடு முழுவதும் விசைப் பகுதியில்தான். வளைந்த கொக்கியில் திரிக்கயிற்றைச் செருகும் அமைப்பு இருந்தால் அது திரித்துப்பாக்கி. கயிறு எப்போதும் புகைந்துகொண்டே இருக்க வேண்டும், மழையில் உதவாது, இருட்டில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சுத்தியலின் வாயில் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருந்தால், எதிரே ஒரு இரும்புத் தகடும் கீழே மருந்து வைக்கும் சிறு கிண்ணமும் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டுப் படைகளின் பொதுத் துப்பாக்கி அதுதான். கிண்ணம் இல்லாமல் சுத்தியலுக்குக் கீழே சிறு முளை மட்டும் இருந்தால் தொப்பி வெடி வகை, 1840-களை ஒட்டிப் படைகளில் பரவியது. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால் அறை முழுவதும் ஒரு காலவரிசையாக மாறிவிடும். பையனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கேட்காமலே நிற்பான்.

அந்த வரிசைகளுக்கு நடுவே ஒரு மரக்கூண்டு இருக்கிறது. 1840-ல் முதல் அபின் போரில் சீனர்களிடம் பிடிபட்ட சென்னைப் பீரங்கிப் படை கேப்டன் பிலிப் ஆன்ஸ்ட்ரதரை நிங்போவில் அடைத்துவைத்த கூண்டு. ஆள் நிமிரவோ காலை நீட்டவோ முடியாது. சென்னைப் படைகளைக் கம்பெனி எங்கெங்கெல்லாம் கொண்டுபோய்ச் சண்டையிட வைத்தது என்பதை நினைக்க வைக்கும் பொருள் அது. பதக்கங்கள் இருக்கிற பெட்டியிலும் அதையே தேடுங்கள்: எகிப்து, ஜாவா, பர்மா, சீனா. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்குப் பின்னாலும் தமிழ், தெலுங்கு பேசிய சிப்பாய்கள் இருக்கிறார்கள். மாடியில் தொங்குகிற ஆளுயர ஓவியங்களில் அவர்கள் இல்லை. அந்த அறையில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸை ஒருமுறை பாருங்கள், முற்றுகையில் பெயர் கேட்டவர் என்பதற்காக. ஆங்கில ஓவியர்களான டேனியல்களின் சென்னைக் காட்சிப் படங்களிடம்தான் நிற்க வேண்டும். கடலும் கோட்டையும் எவ்வளவு நெருக்கம் என்று காலையில் சொன்னதை அங்கே கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

எம்டன் குண்டின் சிதறலைக் கேட்டு விசாரித்தாவது பாருங்கள். சிறிய பொருள், தவறவிடுவது சுலபம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கரையிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கெஜம் வரை வந்து, நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. கப்பலின் பீரங்கி 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்டது. குறி கோட்டையின் மேல் இல்லை, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் அடி விழுந்தது, உயிர்ச்சேதமும் உண்டு. கரையிலிருந்து பதிலுக்குச் சுடத் தொடங்கினார்கள், ஆனால் கப்பல் அடிபடாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. சேதத்தைவிடப் பெரிது அச்சம். மறுநாளிலிருந்து ஊரைவிட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற கதையை அங்கே யாராவது சொல்லக்கூடும். அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

இதே கட்டடத்தின் உச்சியில்தான் 1796 முதல் 1844 வரை சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் தேங்காயெண்ணெயில் எரிந்தது. கீழே வணிகர் கூடும் பரிமாற்றக் கூடம். பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் மாடிக்கு வற்புறுத்தாதீர்கள், பழைய காலத்துப் படிகள். கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் ஆயுதம், கார்ன்வாலிஸ் சிலை இரண்டும் கிடைத்துவிடும்.

1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியையும் விடாதீர்கள். 2013 முதல் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று பலர் குறைப்படுவார்கள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், பட்டு இழை நொறுங்கும். சென்னைக் காற்றின் ஈரமோ பூஞ்சை பிடிக்க வைக்கும், அதற்காகத்தான் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். கண் பழக இரண்டு நிமிடம் நின்றால் நிறம் தெரியும். ஃபிளாஷ் போட வேண்டாம்.

காலை 9 மணிக்குத் தொடங்கினால் மதிலும் சர்ச்சும் முடிய 10.30, கிளைவ் வீடு 11 மணி, மியூசியம் ஒரு மணி வரை. உள்ளே சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், சாப்பாட்டுக்குப் பிராட்வே பக்கம் வந்துவிடுங்கள்.

அந்தப் பக்கம் வந்ததும் கதையின் மறுபாதி இருக்கிறது, பெற்றோருக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். உயர் நீதிமன்றம் இருக்கிற இடம் பழைய கறுப்பர் நகரம், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த பகுதி. 1746-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மதிலை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்து வெட்டவெளியாக்கினார்கள், பீரங்கிக்கு முன்னால் மறைவு எதுவும் இருக்கக் கூடாது என்று. அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757-ல் இடிபட்டது. பிறகு நிலமும் பணமும் பெற்று, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில், தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் என இரட்டைக் கோயிலாக எழுந்தது. இன்றும் பூக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த எல்லைக்குள் கட்டடம் கூடாது என்று 1773-ல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் மூலையில் நிற்கிறது. உயர் நீதிமன்றக் கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், நீதிமன்ற வளாகத்துக்குள் போகத் தேவையில்லை. கோயில் நடை மதியம் சாத்திவிடும், ஆகவே சாப்பிட்டுக் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு நாலரை மணிக்கு மேல் போங்கள்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அது நகரின் மறுகோடியில், பரங்கிமலை போகிற வழியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அதற்கு வேறொரு காலைப் பொழுதை வைத்துக்கொள்ளுங்கள்.